லயன்ஃபிஷ்ஷோடு யாரைச் சேர்ப்பது: ஒன்பது மாத அனுபவம்

செப்டம்பர் முதல் வாரம். காலையில் கடல்மீன் தொட்டியின் விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது, முதுகில் விஷ முள் உள்ள கடல்மீனான லயன்ஃபிஷ்ஷின் மார்புத் துடுப்புதான். விசிறி மாதிரி விரிந்திருக்க வேண்டியது, ஓரம் முழுக்கக் கடிபட்டுக் கந்தலாகக் கிடந்தது. எதிர் மூலையில், கல்லிடுக்கிலிருந்து ஆரஞ்சுக் கோடு போட்ட கிளாத்தி மீன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை வாங்கி வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கணக்குக்கு 680 லிட்டர், கல்லும் மணலும் போக 550 தேறும். 2024 ஏப்ரலில் தண்ணீர் நிரப்பினேன். மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர ஆறு வாரம் ஆனது. கடல் பத்து நிமிட நடைதான், ஆனாலும் கடல் தண்ணீரை நம்புவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் கலந்து கரையோரத்தில் உப்பு இறங்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலவை போட்டு, உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தி எண்ணை 1.024-இல் வைத்திருக்கிறேன். கல் எல்லாம் காய்ந்த கல். பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஜூனில் 12 செ.மீ. லயன்ஃபிஷ் வந்தது. அடுத்த மாதம் ஸ்னோஃபிளேக் அஞ்சாலை, பாம்பு மாதிரி நீண்ட மீன். இந்த ஜோடியில் எனக்குச் சந்தேகமே இல்லை. லயன்ஃபிஷ் யாரையும் வம்புக்கு இழுக்காது, ஆனால் வாய்க்குள் போகிற எதையும் விழுங்கிவிடும். அஞ்சாலை நீளமாக இருக்கிறது, அதனால் தப்பித்தது. இந்த வகை அஞ்சாலைக்குப் பல்லும் மொண்ணை. நண்டையும் இறாலையும் நசுக்கித் தின்னப் பழகிய வாய், பெரிய மீன்களைப் பெரும்பாலும் சீண்டாது. மூடியில் விரல் நுழையும் சந்துகூட விடக் கூடாது, இரவில் வெளியே வந்து தரையில் கிடக்கும். எடை வைத்த மூடிதான் போட்டிருக்கிறேன்.

கிளாத்தியில்தான் தப்புச் செய்தேன். அது 8 செ.மீ., லயன்ஃபிஷ் அதைவிடப் பெரியது, அதனால் அடங்கி இருக்கும் என்று அளவை மட்டும் பார்த்தேன். வீராம்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டதுமே சொன்னார்: “கிளாத்தியா? வலையையே கடிச்சிப் போடுமே தம்பி, அதையா வீட்ல வெச்சிருக்க?” அந்த ஒரு கேள்வியில் விஷயம் முழுக்க இருந்தது. ஆரஞ்சுக் கோட்டுக் கிளாத்தி கடலில் பாறையை ஒட்டி வாழ்ந்து, கடல்முள்ளெலி, நண்டு, சிப்பி என்று கடித்து உடைத்துத் தின்பது. ஒரு பொந்தைப் பிடித்தால் சுற்றி இருக்கும் இடமெல்லாம் தனது என்று நினைக்கும். லயன்ஃபிஷ்ஷோ மெதுவாக மிதப்பது. முதுகு முள்ளில் விஷம் இருப்பதால் விலகி ஓடும் பழக்கமே அதற்குக் கிடையாது. கடிக்கப் பிறந்ததையும் ஓடத் தெரியாததையும் ஒரே கண்ணாடிக்குள் போட்டிருந்தேன்.

கிளாத்தியைப் பிடிப்பதற்குள் அரை நாள் போய்விட்டது. கிளாத்தி பயந்தால் பொந்துக்குள் போய் முதுகின் முதல் முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். பின்னால் இருக்கும் இரண்டாவது சின்ன முள் அழுந்தினால்தான் பூட்டு விடும். இழுத்தால் மீன் கிழியும், கல் விடாது. கடைசியில் கல்லோடு தூக்கி டப்பில் வைத்து, அது தானாக வெளியே வரும்வரை காத்திருந்தேன். இப்போது ஒரு நண்பர் வீட்டுத் தொட்டியில் தனியாக இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. லயன்ஃபிஷ்ஷின் துடுப்பு அக்டோபர் கடைசிக்குள் வளர்ந்துவிட்டது.

அப்புறம் தேர்வை வேறு மாதிரி யோசித்தேன். இந்த மீன் கடலில் எதை, எங்கே நின்று தின்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அப்படிப் பார்த்தால் நைகர் கிளாத்தி வேறு ரகம். பாறைக்கு மேலே நீரோட்டத்தில் கூட்டமாக நின்று, மிதந்து வரும் சின்னஞ்சிறு உயிர்களைப் பிடித்துத் தின்னும். கல்லுக்காகச் சண்டை போட அதற்கு அவ்வளவு அவசியம் இல்லை. ஆனால் இங்கே வாய்க் கணக்கும் உண்டு. லயன்ஃபிஷ் அதற்குள் 15 செ.மீ. ஆகிவிட்டது, தன் உடலில் பாதிக்கு மேல் நீளமான மீனைக்கூட விழுங்கும். அதனால் 13 செ.மீ.க்குக் குறையாத, உடல் அகலமான நைகர் கிடைக்கும்வரை காத்திருந்து நவம்பர் முதல் வாரம் வாங்கினேன்.

நான்கு வாரம் தனி டப்பில் வைத்தேன். அந்த நான்காவது வாரத்தில்தான் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. கரண்ட் இல்லை. பெரிய தொட்டியின் அலை மோட்டாரை இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு, டப்புக்கு பேட்டரி ஏர்பம்ப். இரண்டு நாள் யாருக்கும் தீனி போடவில்லை. வடிகட்டி நின்ற நேரத்தில் தீனி போட்டால் அம்மோனியாதான் ஏறும், பட்டினி தாங்கும் மீன்கள் இவை.

டிசம்பர் 5. கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினேன், பழைய ஆளுக்கும் புது ஆளுக்கும் இடம் ஒரேபோல் புதிதாக இருக்கட்டும் என்று. நைகரைத் துளை போட்ட தெளிவான பெட்டிக்குள் தொட்டியிலேயே ஐந்து நாள் தொங்கவிட்டேன். லயன்ஃபிஷ் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனது. விளக்கை அணைத்துத் திறந்துவிட்ட அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் பார்த்தால் கல் பொந்திலிருந்து வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நைகர் தூங்குவதே அப்படித்தான்!

தீனியில் முறை வைத்திருக்கிறேன். நைகருக்குத் தினமும் வலது மூலையில் முதலில். அது தின்றுகொண்டிருக்கும்போதே இடது பக்கம் குச்சியில் குத்திய இறால் லயன்ஃபிஷ்ஷுக்கு, வாரம் மூன்று முறை. அஞ்சாலைக்கு விளக்கணைந்த பிறகு கணவாய்த் துண்டு. எல்லாம் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் வாங்கிக் கழுவி உறைய வைத்தவை. உயிருள்ள கோல்ட்ஃபிஷ் போடுவதை விட்டுவிடுங்கள். அதிலிருக்கும் தயமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினை அழிக்கும், கொழுப்பும் கடல்மீனுக்கு ஏற்றதல்ல. இன்னொன்று, தொட்டிக்குள் கை விடும்போதெல்லாம் லயன்ஃபிஷ் எங்கே நிற்கிறது என்று வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். முள் குத்தினால் தாங்கும் சூட்டில், 45 டிகிரி வாக்கில், வெந்நீரில் கையை வைத்தபடி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த வாரம் ஒரு பேத்தை மீனைச் சேர்க்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அதன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் ஆசைதான். ஆனால் அதுவும் அலகுப் பல்லால் ஓட்டை உடைத்துத் தின்பது, நீண்ட துடுப்பைக் கண்டால் கொத்தும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லயன்ஃபிஷ் இப்போது 17 செ.மீ., நைகர் 14. ஸ்கேலை வெளிக்கண்ணாடியில் வைத்து ஞாயிறுதோறும் அளந்து குறித்துக்கொண்டிருக்கிறேன்.