லீவு நாளில் ஏன் வலிக்கிறது?

திருப்பூரில் தீராத தலைவலிக்காக என்னிடம் வருகிறவர்களில் பனியன் கம்பெனிப் பெண்களே அதிகம். நரம்பு மருத்துவர் பரிசோதித்து, ஆபத்தான காரணம் இல்லையென்று உறுதிசெய்த பிறகே உளவியல் ஆலோசகரான என்னிடம் அனுப்புவார். வரும்போதே பலருக்கும் மனத்தாங்கல். "ஏனுங்க மேடம், நான் பொய் சொல்றேன்னு நெனச்சுட்டாங்களா?" உங்கள் வலி நிஜம் என்பதைச் சொல்லாமல் நான் வேறெதையும் தொடங்குவதில்லை.

தைத்த துணியில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை செய்கிற ஒரு அக்காவிடம், வீட்டு மாதக் காலண்டரில் வலித்த நாளுக்கு வட்டமும் போட்ட மாத்திரைக்கு ஒரு கோடும் போடச் சொன்னேன். அடுத்த மாதம் அந்தத் தாளைக் கிழித்தே கொண்டுவந்துவிட்டார். வட்டமே இல்லாத தேதிகளிலும் கோடு! வலி வந்தால் வேலை கெட்டுவிடுமே என்று காலையிலேயே ஒன்று விழுங்கியிருக்கிறார். தலைவலிக்காரர்கள் சாதாரண வலி மாத்திரையைக்கூட மாதம் 15 நாளுக்குக் குறையாமல், 3 மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் அதுவே தலைவலியை நிலைக்கச் செய்துவிடலாம். நிறுத்தியதும் முதலில் வலி கூடும். அதனால் மருத்துவர் சொல்கிறபடிதான் குறைக்க வேண்டும்.

ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாட்களில் வட்டம் இருந்ததில் வியப்பில்லை. ஞாயிறுகளிலும் இருந்தது. "லீவு நாள்ல எதுக்குங்க வலிக்கோணும்?" விசாரித்தால், அன்று எழுவதே பத்து மணிக்கு. டீயும் சாப்பாடும் அதற்கேற்பத் தள்ளிப்போகின்றன. தூங்கும் நேரமும் சாப்பிடும் நேரமும் தினமும் ஒன்றாக இருப்பது இவர்களுக்கு மருந்துக்குச் சமம்.

பிறகு தசைத் தளர்வுப் பயிற்சி. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தது. தோள்களைக் காதுவரை தூக்கி, சில நொடி இறுக்கிப் பிடித்து, அப்படியே விட வேண்டும். விட்டதும் அந்த அக்கா என்னைப் பார்த்தார். "டேபிள்ல நிக்கறப்ப பூராவும் தூக்கிட்டேதானுங்க இருந்திருக்கறேன்." தாடை, நெற்றி, கழுத்து என்று ஒவ்வொன்றாகப் பழகினார். வலி இல்லாத நாளிலும் செய்தால்தான் பலன். இதைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறேன். இப்போது அவருக்கு வலி வராமல் இல்லை, வட்டங்கள் குறைந்திருக்கின்றன.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை. பாத்ரூம் போனால் பீஸ் தேங்கும், பேச்சு விழும் என்று பல பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. பயிற்சியால் இதை ஈடுகட்ட முடியாது. சூப்பர்வைசருக்கு மருத்துவரிடமே சீட்டு வாங்கிக் கொடுத்தனுப்புகிறேன். சில கம்பெனிகளில் கேட்கிறார்கள்.