பிளாஸி கப்பலும் ஒரு கேன்வாஸ் கால்சட்டையும்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் டூலின் கிராமத்திலிருந்து இனிஷீர் தீவுக்குப் படகில் வருகிறவர்கள் பலர் அந்தத் துருப்பிடித்த கப்பலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பிரபலமான ஒரு டிவி காமெடித் தொடரின் டைட்டிலில் அது வருவதால் அயர்லாந்தில் தெரியாதவர் குறைவு. நான் அந்தத் தொடரைப் பத்து நிமிஷம்கூடப் பார்த்ததில்லை. எனக்குப் பிடித்தது கப்பல் அங்கே வந்து சேர்ந்த கதை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டிய டிராலர் அது, அதாவது வலை இழுக்கும் மீன்பிடிக் கப்பல் மாதிரியானது. அப்போது பெயர் ஜூலியட். போர் முடிந்து கைமாறி, 1951-இல் அயர்லாந்தின் லிமரிக் நகரத்து லிமரிக் ஸ்டீம்ஷிப் கம்பெனிக்கு வந்தபோது பிளாஸி ஆனது. ஆமாம், பிளாசிப் போரின் பிளாசிதான். ஆற்காட்டைப் பிடித்த அதே கிளைவ், லிமரிக் பக்கம் நிலம் வாங்கித் தன் வெற்றியின் பெயரை அதற்கு வைத்தார். நான் வேலைக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. எங்கே போனாலும் இந்த ஆள் விடமாட்டார் போலிருக்கிறது!

1960 மார்ச் 8. விஸ்கி, நூல், வண்ணக் கண்ணாடி எல்லாம் ஏற்றி வந்த கப்பல் புயலில் சிக்கி, தீவுக்கு அருகே ஃபினிஸ் பாறையில் ஏறிவிட்டது. காப்பாற்றியவர்கள் தீவுக்காரர்கள். கரையிலிருந்து ராக்கெட் விட்டார்கள்; அதன் வாலில் மெல்லிய கயிறு. கப்பலில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தடித்த கயிறு வரும். அதை உயரமாகக் கட்டி, கப்பி போட்டு, ஒரு மிதவை வளையத்தைத் தொங்கவிடுவார்கள். வளையத்தின் நடுவே கேன்வாஸில் கால்சட்டை தைத்திருக்கும். அதில் காலை விட்டு உட்கார்ந்துகொண்டால் கரையிலிருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். அப்புறம் காலி வளையம் மறுபடி கப்பலுக்கு. கீழே கடல் கொந்தளிக்க, கால்சட்டைக்குள் தொங்கிக்கொண்டு வருவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 11 பேரும் பிழைத்தார்கள்.

கப்பல் கரைக்கு வந்தது அன்றைக்கில்லை. சில வாரம் கழித்து அடித்த இன்னொரு புயல்தான் அதைப் பாறையிலிருந்து பெயர்த்துத் தீவின் மேல் எறிந்தது. அதனால்தான் இப்போது தண்ணீரில் இல்லாமல், கடலைவிட்டுத் தள்ளி, சுண்ணாம்புக்கல் குவியலின் மேல் நிற்கிறது. அந்தக் கற்களும் அலை கொண்டுவந்து போட்டவைதான். 2014 ஜனவரிப் புயலில் கப்பலே கொஞ்சம் நகர்ந்தது. இவ்வளவு பெரிய இரும்பை இன்னமும் நகர்த்துகிற கடலோரமாகத்தான் அன்று கயிறு கட்டி ஆட்களை இழுத்திருக்கிறார்கள். படம் எடுக்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

என் மகள் உள்ளே ஏற வேண்டும் என்று அடம் பிடித்தாள். தகடு அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, ஏறவே கூடாது. போகிறவர்களுக்கு: படகுத்துறையில் குதிரை வண்டியும் வாடகை சைக்கிளும் கிடைக்கும், நடந்தும் போகலாம். குடை எடுத்துப் போகாதீர்கள், காற்று பிய்த்துவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி.