கூட்டு ஓஸ்கி: ஆர்டரைத் திருப்பிச் சொல்லுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, மூச்சும் விட்டாயிற்று. ஓஸ்கி என்பது ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடக்கும் செய்முறைத் தேர்வு. அதில் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோ மாணவர்கள் நாலு பேரும் சேர்ந்து நிற்கும் அந்த ஒரு ஸ்டேஷனைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். மற்றதற்கெல்லாம் சீனியர் நோட்ஸ் போதும்.

இங்கே நோயைக் கண்டுபிடித்தால் மட்டும் தேற முடியாது. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் சோதனை.

இப்படி ஒரு கேஸை எடுத்துப் பழகுங்கள். குடல் ஆபரேஷன் முடிந்த 2-ஆம் நாள். மூச்சு 26, ஆக்சிஜன் இல்லாமல் சாச்சுரேஷன் 91, சிஸ்டாலிக் (மேல்) பிபி 92, நாடி 118, காய்ச்சல் 38.6 செல்சியஸ், நினைவு தெளிவு. நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்று காட்டும் நியூஸ்2 ஸ்கோரை இதே வரிசையில் கூட்டினால் 3+3+2+2+1 = 11; தெளிவான நினைவுக்கு 0. 7 வந்தாலே அவசர அழைப்பு.

எஸ்பார் (SBAR) என்பது நிலவரம், பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்ற வரிசையில் தகவல் சொல்லும் முறை. அதைச் சொல்லும் நர்சிங் மாணவர் பலர் இரண்டாவதான பின்னணியிலேயே தங்கிவிடுகிறார்கள். கடைசி ‘ஆர்’, அதாவது வேண்டுகோள், விட்டுப்போகிறது. “டாக்டர், கொஞ்சம் வந்து பாருங்க” என்பது வேண்டுகோள் ஆகாது. “ஸ்கோர் 11, செப்சிஸோனு சந்தேகமா இருக்கு, உடனே வரணும், ஆக்சிஜன் ஆரம்பிக்கட்டுமா?” என்று கேளுங்கள். (செப்சிஸ்: தொற்றால் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் அவசர நிலை.)

அடுத்ததுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். “ரிங்கர் லாக்டேட் 500 எம்எல், ஃபிஃப்டீன் மினிட்ஸ்” என்று மருத்துவ மாணவர் சொல்கிறார். மானிட்டர் சத்தத்தில் அது ஃபிஃப்டி என்று விழும். உடனே ஏற வேண்டிய திரவம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். தலையாட்டாதீர்கள். மருந்து, அளவு, வழி, நேரம் நாலையும் திருப்பிச் சொல்லுங்கள்: “ஆர்எல் 500, ஐவி, ஒன் ஃபைவ் நிமிஷம்.” ஆர்டர் போட்டவர் “ஆமாம், சரி” என்று வாய்விட்டுச் சொன்னால்தான் வட்டம் முடிகிறது. இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். ஏற்றி முடித்ததும் “500 முடிஞ்சது, பிபி இப்போ இவ்வளவு” என்று சொல்வதும் இதில் சேர்த்தி.

பார்மசி மாணவர் கவனிக்க வேண்டிய பொறி: சார்ட்டில் பெனிசிலின் அலர்ஜி, ஆர்டரில் பெனிசிலின் வகையையே சேர்ந்த பைப்பராசிலின்-டாசோபாக்டம். ஒருமுறை சொல்லிக் காதில் விழவில்லையா, காரணத்தோடு இரண்டாம் முறை சொல்லுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் “இது பேஷன்ட் சேஃப்டி, நிறுத்துங்க” என்று சொல்லி மேலிடத்தைக் கூப்பிடுங்கள். மரியாதைக்காக வாயை மூடிக்கொள்வது இங்கே மரியாதை அல்ல.

பிசியோ மாணவர் ஓரமாக நிற்க வேண்டாம். இந்த பிபியில் எழுப்பி நடக்க வைப்பது ஒத்திவைக்கப்படுகிறது என்று அவரே அறிவிக்க வேண்டும்.

இன்னும் சில:
- நுழைந்ததும் பெயர், துறை, என்ன செய்யப் போகிறீர்கள்.
- “யாராவது” என்ற சொல்லே வேண்டாம். ஆளைப் பெயர் சொல்லி அழையுங்கள்.
- நோயாளி விழித்திருக்கிறார். அவரிடமும் பேசுங்கள்.
- நடுவில் ஒருவர் 20 விநாடி நிலவரத்தைத் தொகுத்துச் சொல்லட்டும்.

என்ன கற்றோம் என்று எழுதும் ரிஃப்ளெக்ஷன் தாளில் உங்கள் துறை செய்ததை மட்டும் அடுக்காதீர்கள். அடுத்த துறைக்காரர் கவனித்து நீங்கள் கவனிக்காமல் விட்டது எது, அதனால் எந்த முடிவு மாறியது என்று எழுதுங்கள்.