எஃப்.என்.பி. படிக்க நினைக்கும் எங்கள் ஊர்த் தாதியருக்கு

இந்த முறை விடுமுறைக்கு அமெரிக்காவில் இருந்து யாழ்ப்பாணம் கொக்குவிலுக்கு வந்தபோது, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் இரண்டு தாதியப் பிள்ளைகள் தேடி வந்தார்கள். "அக்கா, நீங்கள் படிச்சது டொக்டருக்குப் படிக்கிற மாதிரியோ, இல்லாட்டி எங்கட குடும்பநல மாது வேலை மாதிரியோ?" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது எஃப்.என்.பி. அமெரிக்காவில் எஃப்.என்.பி., அதாவது ஃபமிலி நர்ஸ் பிரக்டிஷனர் என்பவர் பச்சைக் குழந்தை முதல் வயோதிபர் வரை எல்லோரையும் பரிசோதித்து, என்ன வருத்தம் என்று கண்டறிந்து, மருந்தும் எழுதுகிற தாதி. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் தொடங்கிய பயிற்சியில் இருந்து வளர்ந்த பதவி இது. எவ்வளவு சுதந்திரமாக வேலை செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அரிசோனாவில் தனித்தே பார்க்கலாம், டெக்சாசில் ஒரு டொக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். இலங்கையில் இப்படியொரு பதவி இல்லை.

பாதை நேரானது. தாதியர் பட்டம், அமெரிக்காவில் தாதியாக வேலை செய்வதற்கான என்கிளெக்ஸ் பரீட்சை, பதிவுபெற்ற தாதி என்ற ஆர்.என். உரிமம், பிறகு இரண்டு மூன்று வருட முதுமாணிப் படிப்பு. டிப்ளோமாவோடு நிற்பவர்கள் முதலில் அதைப் பட்டமாக்கும் வழியைப் பாருங்கள். முதுமாணியில் நோயியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகிய மூன்றும்தான் அத்திவாரம். இவற்றில் அரைகுறையாக நின்றால் பிறகு எல்லாமே ஆடும்.

ஆனால் எனக்குக் கஷ்டமாக இருந்தது பாடங்கள் இல்லை. முதல் நாள் பயிற்சியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வந்தார். மூன்று கிழமையாக வறட்டு இருமல். நான் பிரஷர், நாடி, காய்ச்சல் எல்லாம் பார்த்தேன். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன், சுத்தமாக இருந்தது. வெளியே வந்து, கிளினிக்கில் என்னைப் பயிற்றுவிக்கும் பிரிசெப்டரிடம் வரிசையாக ஒப்புவித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நீ என்ன நினைக்கிறாய்?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. எட்டு வருடம் வாட்டில் வேலை செய்தவள் நான். கண்டதைச் சொல்வது என் வேலை, முடிவெடுப்பது வேறொருவர் வேலை என்று பழகியிருந்தேன். அவர் மருந்துப் பட்டியலை என் பக்கம் திருப்பினார். இரண்டு மாதத்துக்கு முன் பிரஷருக்கு லிசினோபிரில் தொடங்கியிருந்தார்கள். அந்த வகைக் குளிசைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்பதைப் பாடத்தில் எழுதிச் சித்தியடைந்தவள்தான் நான். ஆள் முன்னால் இருந்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்றிரவு அம்மாவுக்கு அழைத்தேன். அவரும் மாதக்கணக்காக இருமிக்கொண்டு மல்லித்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். குளிசை உறையில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னேன். எனலப்ரில். அதே வகை. "நீங்களாக நிற்பாட்ட வேண்டாம், அடுத்த கிளினிக்கில் கட்டாயம் இருமலைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றேன். அங்கே வேறு வகைப் பிரஷர் குளிசையான லொசார்ட்டனுக்கு மாற்றினார்கள். சில கிழமையில் இருமல் நின்றது. இந்தப் படிப்பு எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அதன் பிறகு நோயின் பெயரை வைத்துப் படிப்பதை விட்டேன். ஒரு கொப்பியில் பக்கத்துக்கு ஒரு முறைப்பாடு: தலையிடி, வயிற்றுநோ, நெஞ்சுநோ. ஒவ்வொன்றின் கீழும் தவறவிடவே கூடாதது எது, வழமையாக வருவது எது, நான் கேட்க வேண்டிய கேள்வி எது என்று எழுதினேன். வயதானவருக்குப் புதிதாகத் தலையிடி வந்து, சாப்பாடு மெல்லும்போது தாடையும் நொந்தால், நெற்றிப்பொட்டு நாடியில் அழற்சியா என்று பார்க்க வேண்டும். தாமதித்தால் கண்பார்வையே போகலாம், அதனால் பயொப்சி (திசுப் பரிசோதனை) முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீரொயிட் தொடங்குவார்கள். இப்படி ஒவ்வொரு பக்கத்தையும் பக்கத்து வீட்டு மாமிக்கு விளக்குவதுபோலத் தமிழில் வாய்விட்டுச் சொல்வேன். தமிழில் தடக்குப்பட்டால் எனக்கு இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம்.

நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பயிற்சி இப்போது குறைந்தது 750 மணித்தியாலம். சேரும் முன் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பிரிசெப்டரைக் கல்லூரி பிடித்துத் தருமா, நாங்களே தேட வேண்டுமா? நான் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்து இரவிரவாகக் கிளினிக்குகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பெரும்பாலும் பதிலே வராது. அந்த அலைச்சலில் ஒரு தவணை போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் யாருக்கும் அது வரக்கூடாது.

சான்றிதழ்ப் பரீட்சையை இரண்டு அமைப்புகள் நடத்துகின்றன. நான் எழுதியது அமெரிக்க நர்ஸ் பிரக்டிஷனர்களின் ஏ.ஏ.என்.பி. சபை நடத்தும் பரீட்சை: 150 கேள்விகள், மூன்று மணித்தியாலம், அதில் 15 கேள்விகளுக்குப் புள்ளி கிடையாது. எவை அந்தப் பதினைந்து என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே விநோதமான கேள்வி வந்தால் கலங்காமல் தாண்டிப் போங்கள். முதல் தடவை நான் சித்தியடையவில்லை. வாட்டுப் பழக்கத்தில், சந்தேகம் வந்த இடமெல்லாம் "நிபுணரிடம் அனுப்பு" என்ற விடையையே தெரிவு செய்திருக்கிறேன். மறுபடி எழுதுவதற்கு முன், பலவீனமான பகுதிகளில் 15 மணித்தியாலப் படிப்புச் செய்து காட்ட வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை ஒவ்வொரு கேள்வியிலும் அந்த அறையில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று நினைத்து எழுதினேன்.

கடைசியாக ஒன்று, படித்த இடத்தில் உங்கள் மணித்தியாலக் கணக்கைப் பிரிவு பிரிவாகக் காட்டும் கடிதத்தை இங்கே இருக்கும்போதே எடுத்து வையுங்கள். அமெரிக்காவில் உங்கள் தகைமையை மதிப்பிடும்போது மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை, மனநலம் என ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மணித்தியாலம் வகுப்பு, எத்தனை மணித்தியாலம் பயிற்சி என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். என் கடிதத்தில் மனநலப் பயிற்சி தனியாகக் காட்டப்படவில்லை. நான் அங்கே இருக்க, அப்பா சைக்கிளில் நாலு தரம் அலைந்து அந்த ஒரு கடிதத்தை எடுத்து அனுப்பினார்.