திர்ஹாமுக்கு நியாயமான ரேட்டு எது?

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொஞ்சம் நோட்டு எப்படியும் மிஞ்சும். டவுன்ஹால் ரோடு பக்கம் நாணயமாற்றுக் கடைக்குப் போகும்போது, சொல்லும் ரேட்டு சரியா என்று செல்போன் கால்குலேட்டரிலேயே பார்த்துவிடலாம். வளைகுடா நாணயங்களில் பெரும்பாலானவை டாலரோடு மாறாத விகிதத்தில் கட்டப்பட்டவை. ஒரு டாலருக்கு எமிரேட்ஸ் திர்ஹாம் 3.6725, சவுதி ரியால் 3.75, கத்தார் ரியால் 3.64. அன்றைய டாலர் விலையை இந்த எண்ணால் வகுங்கள். டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் திர்ஹாம் 23.96, சவுதி ரியால் 23.47. ஓமன் ரியாலுக்குப் பெருக்க வேண்டும். ஒரு ரியால் சுமார் 2.60 டாலர். குவைத் தினார் 2007 முதல் ஒரே டாலரோடு இல்லாமல், பல நாணயங்கள் சேர்ந்த கூடையின் மதிப்போடு போகிறது. அதற்கும் சிங்கப்பூர் வெள்ளிக்கும் இந்த வழி உதவாது, அன்றன்றைய விலைதான்.

இப்படி வருவது வங்கிகளுக்குள் நடக்கும் விலை. நோட்டுக்கு அது கிடைக்காது. வாங்கிய நோட்டு விற்கும் வரை கடையில் முடங்கிக் கிடக்கும், அதற்குள் விலை இறங்கினால் நஷ்டம் கடைக்காரருக்கு. ஒன்றரை, இரண்டு சதவீதம் குறைத்தால் நியாயம் என்பேன். நாலைந்து சதவீதம் என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.

ரேட்டு மட்டும் கேட்டால் போதாது, “எல்லாம் போக கைக்கு எவ்வளவு?” என்று கேட்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றும் தொகையில் 1 சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாய்) சேவை மதிப்பாக வைத்து, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போடுவது வழக்கம். 50,000 ரூபாய்க்கு 90 ரூபாய்தான். அதற்கு மேல் “சார்ஜ்” என்று பிடித்தால் அது கடையின் கட்டணம், பேசிக் குறைக்கலாம். பாஸ்போர்ட் கொண்டுபோங்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள். கிழிசல், பேனாக் கிறுக்கல், முத்திரை உள்ள டாலரையும் 1, 5 டாலர் சில்லறை நோட்டுகளையும் குறைத்துத்தான் எடுப்பார்கள். நாணயங்களைப் பொதுவாக எடுக்கவே மாட்டார்கள்.

ரேட்டு ஏறட்டும் என்று பீரோவில் வைக்கலாமா? ஊரில் குடியிருந்து உம்ரா, சுற்றுலா என்று போய்வந்தவர்கள் 2,000 டாலர் மதிப்பு வரைதான் நோட்டாக வைத்துக்கொள்ளலாம். மீதியை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும்.

வாங்கி விற்று லாபம் பார்ப்பது நோட்டில் நடக்காத காரியம். பயணம் இல்லாமல் டாலர் கொடுக்கவே மாட்டார்கள். கொடுத்தாலும் கணக்கைப் பாருங்கள். கடை 86.50க்கு வாங்கி 89.50க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 டாலர் வாங்க ஜிஎஸ்டியோடு 89,661 ரூபாய். விற்கும்போதும் ஜிஎஸ்டி உண்டு என்பதால், போட்ட பணம் திரும்ப வரவே கடை வாங்கும் ரேட்டு 89.82 ஆக வேண்டும். அதாவது டாலர் மூன்றேகால் ரூபாய்க்கு மேல் ஏறிய பிறகுதான் முதல் பைசா லாபம்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வாட்ஸ்அப்பில் வரும் “ஃபாரெக்ஸ் டிரேடிங்” (நாணய விலை ஏற்ற இறக்கத்தில் பணம் போடும்) ஆப்கள். 500 மடங்கு லெவரேஜ் (போட்ட பணத்தைப்போல் 500 மடங்கு தொகைக்கு வியாபாரம்) என்றால் விலை 0.2 சதவீதம் எதிர்ப்பக்கம் நகர்ந்தாலே போட்ட மார்ஜின், அதாவது முன்பணம், முழுதும் காலி. யூரோ 1.1000 டாலரிலிருந்து 1.0978க்கு இறங்குவது ஒரே மதியத்தில் நடக்கும். வெளிநாட்டு புரோக்கருக்கு மார்ஜின் கட்டப் பணம் அனுப்பவே ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. மீறினால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி நடவடிக்கை அனுப்பியவர் மேல்தான். என்எஸ்இ, பிஎஸ்இ பங்குச் சந்தைகளில் 1,000 டாலர் அளவுள்ள கரன்சி ஃபியூச்சர் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் நாணய ஒப்பந்தம்) சட்டப்படி உண்டு. ஆனால் ரூபாய் சேர்ந்த ஒப்பந்தங்களுக்கு உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருக்க வேண்டும் என்ற விதி 2024 மே 3 முதல் கறாராகிவிட்டது. ஆப் பெயரை ரிசர்வ் வங்கி தளத்திலுள்ள எச்சரிக்கைப் பட்டியலில் தேடுங்கள். அதில் இல்லாவிட்டாலும் அனுமதி பெற்றது என்று அர்த்தமில்லை. அனுமதி பெற்றவற்றின் பட்டியலும் அதே தளத்தில் தனியாக இருக்கிறது, அதையும் பாருங்கள்.