பழைய ஓனர் பெயரில் ஒரு ரேடியோ லைசென்ஸ்

ஃப்ளோரிடாவில் இருக்கும் மச்சானுக்கு செஸ்னா 172 என்ற குட்டி விமானத்தில் பங்கு உண்டு. என்னிடமும் அமெரிக்க பிரைவேட் பைலட் லைசென்ஸ் இருக்கிறது. பொங்கல் முடிந்ததும் பஹாமாஸ் போய் வரலாம் என்று பேசிக்கொண்டோம். விமானத்தில் குறையில்லை. லைஃப் ஜாக்கெட் வாங்கியாயிற்று, வெளியே எழுதிய பதிவு எண்ணும் 12 அங்குல உயர எழுத்தில் இருந்தது. இழுத்தடித்ததெல்லாம் காட்பாடியில் உட்கார்ந்து நான் பார்த்த பேப்பர் வேலைதான்.

அமெரிக்காவுக்குள் பறக்கும்வரை ரேடியோவுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை; அந்த விதியை 1996-இல் நீக்கிவிட்டார்கள். எல்லை தாண்டினால் விமானத்தின் ரேடியோவுக்கு ஸ்டேஷன் லைசென்ஸ், அதில் பேசுகிறவருக்கு பர்மிட், இரண்டும் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் வாங்க வேண்டும். "அதெல்லாம் இருக்கு மாப்ள" என்றார் மச்சான். எதற்கும் போட்டோ அனுப்பச் சொன்னேன். இருந்தது, விமானத்தை விற்றவர் பெயரில்! கைமாறினால் அது செல்லாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

என் பர்மிட்டில் தப்பு என்னுடையது. அமெரிக்காவில் வேலை பார்க்கத் தகுதி இல்லாதவர்களுக்கு, பைலட் லைசென்ஸைக் காட்டி வாங்கும் வேறு வகை பர்மிட் உண்டு. நான் அவசரத்தில் சாதாரண வகையை அழுத்திவிட்டேன். கட்டிய பணம் போனது போனதுதான். இரண்டாம் முறை என் கார்டு எடுக்கவில்லை. இங்கே காலை 10 மணி, அங்கே முந்தின இரவு 11.30. தூங்கப்போன மச்சானை எழுப்பி அவர் கார்டில் கட்டினேன். வாங்கிவிட்டால் பர்மிட் ஆயுளுக்கும் செல்லும், அது ஒன்றுதான் ஆறுதல்.

அப்புறம் முகவரி. பைலட் லைசென்ஸ் தரும் எஃப்ஏஏவின் (அமெரிக்க விமானத் துறை) பதிவில் வெளிநாட்டு முகவரி மட்டும் வைத்திருப்பவர்கள், அதன் கடிதங்களை வாங்கிக்கொள்ள அமெரிக்காவில் ஒரு ஏஜென்டைக் காட்ட வேண்டும். 2025 ஜூலை 7-க்குப் பிறகு அது இல்லாமல் அந்த லைசென்ஸில் பறக்கக்கூடாது. தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. மச்சான் பெயரையே போட்டேன்.

காந்தி நகர் ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். பையன் புரட்டிப் பார்த்துவிட்டு, "லைசென்ஸ் ஓகே சார், ஆர்சி புக் எங்க?" என்றான். சிரித்துவிட்டு வந்தேன்.

பயணிகள் விவரத்தைக் கிளம்ப 60 நிமிடம் முன்பாவது அமெரிக்கச் சுங்கத்துறையின் இ-ஏபிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. இரண்டையும் அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். தீவில் என் போனில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள், நம் இனிஷியல் பழக்கம் அங்கே உதவாது.

பஹாமாஸின் பிமினி தீவில் இறங்கினோம். ரேடியோ பர்மிட்டை யாரும் கேட்கவில்லை. அதிகாரி முதலில் கேட்டது விமானத்தின் பதிவுச் சான்றிதழ்.