எண்பது பர்சென்ட் முடிஞ்சிருச்சு சார்

எந்த வேலை எந்தத் தேதியில் என்று கோடு போட்டுக் காட்டும் பார் சார்ட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, பிளானிங் முடிந்தது என்று கைகுலுக்கிக் கொண்ட பிறகுதான் பிளானிங் இன்ஜினியருக்கு உண்மையான வேலை தொடங்கும். கட்டட சைட்டில் அந்த வேலை பாதி நேரம் கேள்வி கேட்பது, மீதி நேரம் கிடைத்த பதிலை ஆபீசுக்கு எழுதுவது.

கேள்விக்குச் சதவீதத்தில் பதில் வாங்கவே கூடாது என்பது என் கட்சி. மூன்றாம் மாடி ஸ்லாப் என்ன ஆச்சு என்றால், "எண்பது பர்சென்ட் முடிஞ்சிருச்சு சார்" என்பார் சூப்பர்வைசர். அவர் சொல்வது பொய்யில்லை. காங்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும், அதாவது சென்ட்ரிங், அடித்தாயிற்று, கம்பியும் கட்டியாயிற்று. ஆனால் எலக்ட்ரீஷியன் பைப் போட்டிருக்க மாட்டார். கம்பியைச் செக் பண்ண வேண்டியவர் வந்திருக்க மாட்டார். அடுத்த வாரம் கேட்டாலும் அதே எண்பதுதான்.

அதனால் காங்கிரீட் போடும்வரை ஸ்லாப்புக்குப் பூஜ்யம், போட்டால் நூறு என்று எழுத ஆரம்பித்தேன். "வேலையே நடக்காத மாதிரி தெரியுதேப்பா" என்று மேனேஜர் முகம் சுளித்தார். நியாயம்தான். அப்புறம் ஒவ்வொரு பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் ஒரு வரி சேர்த்தேன்: காங்கிரீட் போட இன்னும் என்ன வேண்டும், யார் தர வேண்டும், எந்தத் தேதிக்குள். கூட்டத்தில் எல்லாரும் படித்தது அந்த வரியை மட்டும்தான்.

'ஆளைக் கூட்டிப் போட்டுப் பிடிச்சிடலாம்' என்ற பேச்சும் எல்லாக் கூட்டத்திலும் வரும். கம்பி கட்டுவதில் பிடிக்கலாம், பூச்சில் பிடிக்கலாம். காங்கிரீட் இறுகுவதில் முடியாது. காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 படி, சாதாரண சிமென்ட் என்றால், தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை தூரமுள்ள ஸ்லாப்பின் முட்டுகளைப் பொதுவாக 7 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் 14 நாள். முட்டு கீழே மாட்டிக்கொண்டிருந்தால் மேல் மாடிக்குச் சென்ட்ரிங் சாமான் எங்கிருந்து வரும்? ஒரு ஸ்லாப் தள்ளினால் எந்தெந்த வேலை தள்ளும் என்பதை ரிப்போர்ட்டில் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

தள்ளியதும் சார்ட்டில் தேதியை நகர்த்திவிடும் பழக்கம் ஒன்று உண்டு. நகர்த்திக்கொண்டே போனால் எந்த வேலையும் தாமதமே ஆகாது! நான் பழைய கோட்டைத் தொடுவதில்லை. நடந்ததை அதன் கீழே இன்னொரு கோடாகப் போடுவேன்.

இரண்டு கோட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குக் காரணம் எழுதத்தான் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர், அதாவது தடங்கல் நோட்டு. டிராயிங் கேட்ட தேதி, கைக்கு வந்த தேதி, அதனால் நின்ற வேலை, இரு தரப்புக் கையெழுத்து. "நமக்குள்ள எதுக்கு சார் இதெல்லாம்" என்பார் கிளையன்ட் தரப்பு இன்ஜினியர். நல்ல மனிதர்தான். ஆனால் கூடுதல் கால அவகாசம் கேட்டு நாங்கள் கடிதம் கொடுக்கும்போது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். அதனால் வாரக் கூட்டம் முடிந்து டீ வருவதற்குள் நோட்டை அவர் முன்னால் நீட்டிவிடுவேன்.